ஏரிக்களி மேல் 4 மீட்டர் அணுகுசாலை: எடை குறைந்த நிரப்பு எது போடலாம்?

பாலாற்றங்கரை_சிவில் கேட்டது:

வணக்கம். காவேரிப்பாக்கம் வட்டாரத்தில், ஒரு ஏரியின் கலங்கலைத் தாண்டி ஓடும் உபரிநீர்க் கால்வாய்க்கு மேல் சின்னப் பாலம் ஒன்று. அபட்மென்ட் (பாலத்தின் முனைத் தாங்குசுவர்) மக்கிய பாறையில் உட்கார்ந்துவிட்டது, அது இறங்காது. அதை ஒட்டி வரும் அணுகுசாலைதான் கவலை. பாலத்தருகே உயரம் 4 மீ., மேலகலம் 7.5 மீ., ஒவ்வொரு பக்கமும் நீளம் 60 மீ.

போர்ஹோல் விவரம்: மேலே 0.8 மீ. காய்ந்து இறுகிய களி. அதன் கீழே 5 மீ. ஆழம் வரை மெத்தென்ற கருஞ்சாம்பல் களி. பிறகு மக்கிய பாறை. லிக்விட் லிமிட் (களி கூழாகும் ஈர அளவு) 60, இயற்கை ஈரம் 45 சதவீதம், வெற்றிட விகிதம் 1.2, அமுங்கு குணகம் (பாரம் ஏறினால் எவ்வளவு அமுங்கும் என்ற எண்) 0.45, ஈர அடர்த்தி கனமீட்டருக்கு 1.7 டன். வேன் ஷியர் (களியின் வெட்டு வலிமை) சதுர மீட்டருக்கு 1.8 டன். நீர்மட்டம் 1.2 மீ. ஆழத்தில்.

கிராவல் கொட்டினால் இறங்கும் என்று தெரிகிறது. தெர்மாகோல் பாளம், அனல்மின் நிலையச் சாம்பல், டயர் துண்டு, நுரைக் கான்கிரீட் (சிமென்ட் கலவையில் நுரை கலந்தது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இந்த மண்ணுக்கு எது சரி, ஏன் சரி என்று கணக்கோடு யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். ஏரிக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் குறைவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

மண்_ஆய்வகம்:

சார், பொருளை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் அறிக்கையில் முக்கியமான ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது: இந்தக் களி இதுவரை தாங்கிய உச்ச அழுத்தம். நம் வட மாவட்டத்து ஏரிகள் கோடையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடிக்கும். அப்படிக் காயும்போது களிக்குள் ஏற்படும் இழுவிசை, மேலே பாரம் ஏற்றினதற்குச் சமம். அந்தப் பாரத்தைக் களி நினைவில் வைத்திருக்கும். நீங்கள் ஏற்றும் சுமை அந்த நினைவுக்குள் அடங்கினால் அமிழ்வு சில சென்டிமீட்டர்தான். தாண்டினால் பல மடங்கு.

கணக்குக்கு அதை 6 டன் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய உச்சத்துக்குள் பாரம் ஏறும்போது பொருந்தும் மறு அமுங்கு குணகம் 0.06. இனி ‘டன்’ என்று மட்டும் எழுதினால் சதுர மீட்டருக்கு என்று கொள்ளுங்கள். களியின் நடு ஆழம் 2.5 மீ.; அங்கே இப்போதுள்ள அழுத்தம் 2.5 × 1.7 கழித்தல் நீரழுத்தம் 1.3, அதாவது சுமார் 3 டன்.

கிராவல்: 4 × 2.0 = 8 டன். மொத்தம் 11. அமிழ்வு 31 செ.மீ. உச்ச அழுத்தமே 3 டன்தான் என்றால் 58 செ.மீ. ஆகிவிடும். அதைவிட மோசம், தாங்கு வலிமை 5.14 × 1.8 = 9.25 டன், காப்பு விகிதம் (தாங்கு வலிமையைச் சுமையால் வகுத்தது) 1.16தான் வருகிறது. ஒரே மூச்சில் ஏற்றினால் கரை பிதுங்கிப் பக்கத்துக் கால்வாய்க்குள் சரியும்.

குளச் சாம்பல் (அனல்மின் நிலையக் குளத்தில் தேங்கிய சாம்பல்): சாலை அடுக்கோடு சேர்த்து சுமார் 5.5 டன். அமிழ்வு 20 செ.மீ.

நுரைக் கான்கிரீட்: 0.2 மீ. மணல், 3.3 மீ. நுரை, 0.5 மீ. சாலை அடுக்கு. நீர் ஊறிய அடர்த்தி 0.65 என்று எடுத்தால் 3.6 டன். மொத்தம் 6.6, அமிழ்வு 8 செ.மீ.

தெர்மாகோல்: 0.35 மீ. மணல், 3 மீ. பாளம், 15 செ.மீ. ஆர்சிசி பலகை, 0.5 மீ. சாலை அடுக்கு. 2.3 டன். மொத்தம் 5.3, அமிழ்வு மூன்றரை செ.மீ.

6 என்ற அந்த எண்ணின் இரு பக்கமும் என்ன நடக்கிறது பாருங்கள். அதனால் முதல் வேலை, கன்சாலிடேஷன் (களியைப் படிப்படியாக அழுத்திப் பார்க்கும் சோதனை) வரைபடத்தில் வளைவு எங்கே முறிகிறது என்று பார்ப்பது. முறிவே தெரியாமல் வழவழவென்று இறங்கினால் மாதிரி கலைந்துவிட்டது என்று அர்த்தம். எஸ்பிடி கரண்டியில் (சுத்தியால் அடித்து இறக்கும் மாதிரிக் குழாய்) வந்த மண்ணை இதற்கு வைக்கவே கூடாது. மெல்லிய சுவர்க் குழாயை அழுத்தி எடுத்து, இரு முனையிலும் மெழுகு ஊற்றி, நிமிர்த்தி, ஈரச் சாக்கில் சுற்றி, குலுங்காமல் கொண்டுவர வேண்டும். லாரித் தொட்டியில் உருண்டு வந்த குழாய்க்குச் சோதனைக் காசு கொடுப்பது வீண்.

வாலாஜா_நெடுஞ்சாலை:

சாம்பலையும் டயரையும் பற்றி நான் சொல்கிறேன்.

சாம்பல் நல்ல பொருள்தான். டெல்லியில் நிஜாமுதீன் பாலத்து அணுகுசாலையே அதில் கட்டியது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 58 வழிகாட்டுகிறது. மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கையின்படி அனல்மின் நிலையத்துக்கு 300 கி.மீ. வட்டத்துக்குள் நடக்கும் சாலை வேலை சாம்பலைப் பயன்படுத்தியாக வேண்டும்; வடசென்னை அனல்மின் நிலையம் உங்களுக்கு அந்த வட்டத்துக்குள் வருகிறது. ஆகவே ‘ஏன் போடவில்லை’ என்ற கேள்விக்குக் கோப்பில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் மூன்று சங்கடம். சாம்பலுக்கு ஒட்டுத்தன்மை இல்லை. காய்ந்தால் பறக்கும், மழை பட்டால் வாய்க்கால் விழும். அதனால் பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நல்ல மண் போர்வை வேண்டும், உயரம் கூடினால் நடுவிலும் மண் அடுக்கு வேண்டும். அந்த மண்ணெல்லாம் முழு எடை, எனவே மேலே சொன்ன 5.5 டன்னும் நிஜத்தில் கூடும். இரண்டாவது, நீரில் ஊறிய தளர்ந்த சாம்பல் அதிர்வில் கூழாகிவிடும். கலங்கல் தண்ணீர் தொடும் உயரம் வரை அதை வைக்கக் கூடாது. மூன்றாவது, அதிலுள்ள கன உலோகங்கள் கசிந்து ஏரிப் பாசனத்தில் கலக்கக் கூடாது. நீர் தொடாத மேட்டு நிலத்தில் தாராளமாகப் போடுங்கள். கலங்கலுக்குக் கீழே வேண்டாம்.

டயர் துண்டு கனமீட்டருக்கு 0.6 முதல் 0.8 டன். 1995இல் அமெரிக்காவில் தடிமனாகக் குவித்த டயர்க் கரைகள் தாமாகவே உள்ளுக்குள் சூடேறிப் புகைந்தன. அதன் பிறகுதான் ஓர் அடுக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, நடுவே மண் அடுக்கு வேண்டும், நுண்துகளும் துருத்தும் கம்பியும் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. இங்கே 4 மீ. உயரத்துக்கு, அதுவும் நீர் வழியில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் யாராவது ‘காசில்லாமல் நிரப்பு மண் தருகிறோம்’ என்று வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஒரு லோடு கூட இறக்காதீர்கள். தோல் கழிவும் குரோமியக் கழிவும் கலந்த மண் நம் மாவட்டங்களில் உண்டு. மழை தேங்கி நிற்கும் நீர் மஞ்சளாகத் தெரிந்தால் அது நச்சான ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம். ஏரிக்கரையில் அது போனால் திரும்ப எடுக்க முடியாது.

பாலாற்றங்கரை_சிவில்:

இருவருக்கும் நன்றி. ஆய்வக வரைபடத்தை மறுபடி பார்த்தேன். வளைவு 6 டன் அருகே தெளிவாக முறிகிறது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய இரண்டு விவரம்: வெள்ள மட்டம் தரைக்கு மேல் 2.1 மீ. 2021 நவம்பரில் பாலாறு பெருகி ஏரிகள் நிரம்பியபோது நின்ற அளவு அது. சுவரில் இன்னும் தடம் இருக்கிறது. சாலைக்குக் கிடைக்கும் நில அகலம் 12 மீ. மட்டும். வேலைக் காலம் 10 மாதம், நடுவில் ஒரு வடகிழக்குப் பருவமழை.

கணக்கைப் பார்த்தால் தெர்மாகோல்தான் என்று தோன்றுகிறது. சரியா?

கரைக்காரன்:

இல்லைங்க. 2.1 மீட்டர் வெள்ளம் என்றால் தெர்மாகோல் மிதந்துவிடும்.

கணக்கு எளிது. பாளத்தின் அடி தரைக்கு மேல் 0.35 மீ. வெள்ளத்தில் மூழ்கும் ஆழம் 1.75 மீ., தூக்கு விசை 1.75 டன். மேலிருந்து அழுத்துவது சாலை அடுக்கு 1.1, பலகை 0.38, பாளத்தின் சொந்த எடை 0.06, மொத்தம் 1.54 டன். விகிதம் 0.88. 1.2க்கு மேல் வேண்டும். சாலை போடுவதற்கு முன்பே மழை வந்தால் கேட்கவே வேண்டாம். உலகத்தில் முதன்முதலாக 1972இல் இதைச் சாலைக்குப் போட்ட நார்வேயிலேயே 1987 வெள்ளத்தில் ஒரு கரை மிதந்து போனது.

வெள்ளம் தொடாத இடத்தில் போடுவோர்க்காக மற்ற விவரங்களையும் எழுதிவிடுகிறேன். கிரேடு தேர்வில் பார்க்க வேண்டியது ஒரு சதவீதச் சுருக்கத்தில் தாங்கும் அழுத்தம்: இபிஎஸ் (தெர்மாகோலின் சுருக்கப் பெயர்; எண் அடர்த்தியைக் குறிக்கும்) 19க்கு 4 டன், 22க்கு 5 டன், 29க்கு 7.5 டன். 4 டன் சக்கரச் சுமை, அதிர்வு சேர்த்து, சாலை அடுக்கும் பலகையும் கடந்து இறங்கும்போது பாளத்தின் மேல் நாலு, நாலரை டன் வரும். மேலுள்ள அடுக்குகளின் எடை ஒன்றரை. ஆகவே முதல் வரிசைக்கு 29, அதற்குக் கீழே 19 போதும். பெட்ரோல், டீசல் பட்டால் கரைந்துவிடும், அதனால்தான் பலகைக்கு அடியில் எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு. கறுப்பு விரிப்பை மே மாத வெயிலில் திறந்து போட்டால் அடியிலுள்ள பாளம் இளகும். விரித்த அன்றே மூட வேண்டும். கரையான் துளைக்கும், போரேட் கலந்த பாளம் கேளுங்கள். ரம்பத்தால் அறுத்தால் வெள்ளை மணிமணியாகப் பறந்து ஏரியில் விழும், மீன் தின்னும். சூட்டுக் கம்பியால்தான் வெட்ட வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை.

களப்பொறியாளர்_காட்பாடி:

எல்லோரும் எடையைக் குறைப்பதையே பார்க்கிறீர்கள். மண்ணை வலுவாக்கும் வழியையும் பாருங்கள். 5 மீ. களிக்குத் துணி வடிகால் பட்டையை 1.2 மீ. இடைவெளியில் முக்கோணமாக இறக்கி, மேலே மணல் மெத்தை விரித்து, கிராவலை இரண்டு கட்டமாக ஏற்றினால் போதும். பட்டை இல்லாமல் 90 சதவீத அமிழ்வுக்கு மூன்றரை வருடம் ஆகுமென்றால், பட்டையோடு நாலு மாதம். பட்டை இறக்கும்போது களி கலங்குவதைச் சேர்த்தால் ஆறு மாதம். முதல் 2 மீ. கிராவலுக்குப் பிறகு களியின் வலிமை 1.8இலிருந்து 2.6 டன் அளவுக்கு ஏறும். அதன் பிறகு அடுத்த 2 மீ.

கார்பன் கணக்கிலும் இதுதான் குறைவு. சிமென்ட் இல்லை, நுரை இல்லை. நுரைக் கான்கிரீட்டைப் பசுமைப் பொருள் என்று விற்கிறார்கள். கனமீட்டருக்கு 225 கிலோ சிமென்ட் போட்டாலே சுமார் 190 கிலோ கரியமில வாயு. தெர்மாகோல் கனமீட்டருக்கு 20 கிலோதான், அதன் கணக்கு 60 கிலோ பக்கம்.

மண்_ஆய்வகம்:

காட்பாடி சார் சொல்வது நியாயம். இரண்டு மழைக்காலம் காத்திருக்க முடிந்த வேலை என்றால் நானும் அதையே சொல்வேன். இங்கே இடிப்பது நில அகலம். 1க்கு 2 சரிவில் கிராவல் கரையின் அடியகலம் 7.5 + 16 = 23.5 மீ. இவர்களிடம் 12 மீ.தான். சுவர் கட்டி நிறுத்தலாம் என்றால் அந்தச் சுவரின் எடையும் இதே களி மேல். ஆகவே செங்குத்தாக நிற்கும் நிரப்பு வேண்டும், வெள்ளத்தில் மிதக்கக் கூடாது, 6 டன்னைத் தாண்டக் கூடாது. இம்மூன்றுக்கும் பொருந்துவது நுரைக் கான்கிரீட். ஆனால் நான் முதலில் கணக்குப் போட்ட மாதிரி தரைக்கு மேல் வைத்தால் 6.6 டன், 8 செ.மீ. அபட்மென்ட் ஓரத்தில் 8 செ.மீ. படி விழுந்தால் 3.5 மீ. அணுகுபலகை (பாலத்தையும் சாலையையும் இணைக்கும் கான்கிரீட் பலகை) அதைச் சமாளிக்காது, வண்டி குதிக்கும்.

வழி இருக்கிறது: கொஞ்சம் தோண்டி எடுங்கள். 0.7 மீ. களியை அகற்றினால் 1.19 டன் எடை இறங்குகிறது. அந்தக் குழியிலிருந்தே நுரையை ஆரம்பித்தால் நுரை உயரம் 4.1 மீ., எடை 2.67 டன், சாலை 1.1, அடி மணல் 0.18. நிகரமாகக் கூடுவது 2.76. மொத்தம் 5.76 டன், 6க்குள் அடங்கிவிட்டது. அமிழ்வு 4 செ.மீ., அதிலும் பெரும்பகுதி கட்டும்போதே முடிந்துவிடும், ஏனென்றால் பழைய பாரத்துக்குள் நடக்கும் அமிழ்வு வேகமானது.

மிதப்பையும் பார்த்துவிடுவோம். இங்கே ஒரு விதி: அமிழ்வுக்கு நீர் ஊறிய எடை, மிதப்புக்கு உலர்ந்த எடை. உலர் அடர்த்தி 0.55 என்றால் 4.1 × 0.55 = 2.26, சாலை 1.1, ஆக 3.36 டன். மூழ்கும் ஆழம் 2.7. விகிதம் 1.24. போதும், ஆனால் மீதி அதிகம் இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினால் அமிழ்வு குறையும், கரை மிதக்கும். குறைவாகத் தோண்டினால் நேர்மாறு. 0.7 மீட்டரை அங்கேயே நிறுத்துங்கள். நீர்மட்டம் 1.2இல் இருப்பதால் குழி காய்ந்தே இருக்கும்.

பாலத்திலிருந்து தள்ளிப் போகப் போக உயரம் இறங்குகிறது. உயரம் 1.25 மீட்டருக்குக் கீழே வரும் கடைசி 18 மீட்டருக்குச் சாதா மண்ணே போதும்: 2.5 டன், மொத்தம் 5.5. அங்கே நுரை போடுவது சிமென்டை வீணாக்குவது. நடுவில் குழியின் ஆழத்தைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். ஒரு பக்கத்துக்கு நுரை சுமார் 800 கனமீட்டரில் முடியும்.

கரைக்காரன்:

கலவை சொல்லிவிடுகிறேன். கனமீட்டருக்குச் சிமென்ட் 225 கிலோ, ஃப்ளை ஆஷ் 225 கிலோ, தண்ணீர் 175 லிட்டர், நுரை 0.65 கனமீட்டர். நுரை லிட்டருக்கு 45 கிராம். ஈர அடர்த்தி 650 வரும். 28 நாளில் 0.5 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல் கேளுங்கள். அதுவே சதுர மீட்டருக்கு 50 டன்.

எங்கே கெடும்? சாம்பலில் எரியாத கரி இருந்தால் நுரையைக் குடித்துவிடும். எரிப்பு இழப்பு (எரியாத கரியைக் காட்டும் அளவு) 5 சதவீதத்துக்குள் உள்ள உலர் சாம்பல்தான் வாங்க வேண்டும். குளச் சாம்பல் இதற்கு ஆகாது. தண்ணீர் அடுத்தது. தோல் பட்டறைப் பகுதியின் போர்வெல் நீர் உப்பாக இருந்தால் நுரை நிற்காது. ஆர்சிசிக்கு உள்ள ஐ.எஸ். 456 (இந்தியக் கான்கிரீட் தரநிலை) வரம்பையே வையுங்கள்: குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி., சல்பேட் 400 மி.கி.

ஒரு முறைக்கு 50, 60 செ.மீ.க்கு மேல் ஊற்றாதீர்கள். தடிமனானால் அடியிலுள்ள குமிழி நசுங்கும், நடுவில் சூடேறி வெடிக்கும். அடுத்த அடுக்கு மறுநாள். வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே ஊற்றி முடித்துவிடுங்கள். குழாய் முனை கலவைக்குள் புதைந்திருக்கட்டும். உயரத்திலிருந்து விழுந்தால் நுரை உடையும்.

சோதனை ஒன்றே ஒன்று, ஆனால் விடாமல்: 10 லிட்டர் வாளி, ஒரு தராசு. குழாய் முனையில் பிடித்து, தட்டாமல் வழித்துவிட்டு எடை போடுங்கள். ஆறரை கிலோ இருக்க வேண்டும். 7 கிலோவைத் தொட்டால் நுரை உடைகிறது, நிறுத்துங்கள். 6 கிலோவுக்குக் கீழே போனால் அமிழ்வுக்கு நல்லதுதானே என்று விடாதீர்கள், மிதப்புக் கணக்கு அங்கே அடிபடும்.

வாலாஜா_நெடுஞ்சாலை:

தோண்டிய களியை வெளியே கொட்டாதீர்கள். கடைசி 18 மீட்டருக்கு அதுவே ஆகும். சுண்ணாம்பு 4 சதவீதம், ஆரணி பக்கத்து அரிசி ஆலை உமிச் சாம்பல் 8 சதவீதம் என்று ஆரம்பித்து ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். உமிச் சாம்பல் சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. கன்னங்கரேல் என்றால் கரி, வினை நடக்காது. கலக்கும் முன் களியில் சல்பேட் பாருங்கள். 0.3 சதவீதத்தைத் தாண்டினால் சுண்ணாம்பு போடக் கூடாது, உப்பி மேலெழும்பிவிடும்.

அந்த மண் சரிவுக்குத் தென்னை நார் வலை போர்த்தி, வெட்டிவேரை ஆடி கடைசிக்குள் நட்டுவிடுங்கள். வலை இரண்டு மூன்று வருடத்தில் மக்கும், அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். ஐப்பசியில் நட்டால் முதல் மழையிலேயே அடித்துக்கொண்டு போகும்.

மண்_ஆய்வகம்:

கடைசியாக ஒன்று விட்டுவிட்டேன். நுரையை மழைக்கு முன் தொடங்கினால், மேலே சாலை அடுக்கு ஏறும் வரை அது வெறும் 2.26 டன், முழு வெள்ளத்தில் தூக்கு விசை 2.7. ஆகவே தை மாதம் ஏரி வடிந்த பிறகு தோண்டி, வைகாசிக்குள் ஜல்லி அடுக்கு வரை ஏற்றிவிடுங்கள். குழிக்கு அடியில் பக்கத்துக்கு மூன்று அமிழ்வுத் தட்டு (தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் தட்டு) வைத்து வாரம் ஒரு முறை அளவெடுங்கள். இரண்டு மாத அளவில் கோடு தட்டையான பிறகு மேல் தார் அடுக்கு. தட்டையாகாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த 6 டன் தவறு. அளவுகளை இங்கே போடுங்கள், மறுபடி கணக்குப் பார்ப்போம்.